ரோட்டு நெரையில் பதினோரு பேர்

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் வருவது புதிதில்லை. இந்தப் பத்தியைத் திட்டியும் வரும், மகனுக்குப் பெண் பார்த்துத் தரச் சொல்லியும் வரும். இது வேறு மாதிரி. எட்டாக மடித்து, மடிப்பின் மேல் நாலு ஸ்டேப்ளர் பின் அடித்து, அதன் மேல் டேப்பும் சுற்றி... பிரிப்பதற்கே பத்து நிமிடம் பிடித்தது. உள்ளே இருந்தது ஆறே வரி.

எழுதியவளுக்கு இருபத்தொரு வயதாம். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை. தங்கியிருக்கும் போர்டிங்கின் பின்பக்கம் ஒரு சீமெந்துத் தொட்டி. ஆணும் பெண்ணும் மாறி மாறி அதில்தான் குளிக்கிறார்கள். ஒருநாள் பக்கத்து அறை ஆள் இறங்கிக் குளித்துவிட்டுப் போன கையோடு இவளும் இறங்கிக் குளித்திருக்கிறாள். அந்த மாதம் பார்த்து நாள் தள்ளிப் போய்விட்டது.

'அக்கா, ஏசாமப் பதில் சொல்லுங்க. தண்ணியால ஆகுமா?'

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆகாது. தொட்டித் தண்ணீரால் ஆகாது, பஸ் சீட்டால் ஆகாது, ஆணின் துவாயைக் கட்டியதால் ஆகாது. நாள் தள்ளிப் போவதற்கு வேறு நூறு காரணம் இருக்கிறது. பக்கத்தில் கிளினிக் இருந்தால் போய்க் கேள். இப்போது எழுந்து சாப்பிடு. சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முந்திய சங்கதி இது. வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிப்பேன். தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். அதனால் மலையில் என் பெயர் பேப்பர் பாக்கியம்.

யார் எதைச் சொன்னாலும் வீட்டுக்குப் போய்க் கொப்பியில் எழுதி வைப்பது இன்னொரு பழக்கம். அந்தக் கொப்பியில் பாதிக்கு மேல் ராக்கம்மா அக்கா சொன்னதுதான்.

ராக்கம்மா அக்காவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. புருஷன் இறந்து ஆறு வருடம். குரல் எடுத்தால் இந்த மலையில் பேசுவது அந்த மலையில் கேட்கும். "ஒரு சேதியை உள்ளுக்குள்ள வச்சிருந்தா எனக்குச் செமிக்காது பாக்கியம்" என்று அவரே சொல்வார். ரகசியம் என்று ஒன்று இருந்தால், எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் முதலில் பார்ப்பது ராக்கம்மா அக்கா எங்கே நிற்கிறார் என்பதைத்தான்.

எங்கள் வேலை முறையில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுப்பார் கங்காணி. அதற்கு நெரை என்று பெயர். மேலே இருந்து கீழே வரை, கல்லோ பள்ளமோ அட்டையோ, உன் நெரை உன் பாடு. மலைக்கு அடியில், ரோட்டை ஒட்டினாற்போல் ஒரே ஒரு நெரை மட்டும் மட்டமாக இருக்கும். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவமும் பக்கத்தில்.

அந்த ரோட்டு நெரை கர்ப்பிணிகளுக்கு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. பெயரே புள்ளத்தாச்சி நெரை. ஒருத்தி கங்காணியிடம் போய் "எனக்கு ரோட்டு நெரை குடுங்க" என்று கேட்டால் போதும், மற்றதை மலையே விளங்கிக்கொள்ளும். மாமியாருக்குச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள்கூட இப்படித்தான் சொன்னார்கள். நல்ல வழக்கம்தான். கல்யாணம் ஆனவளுக்கு!

கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நெரை பிரித்துக்கொண்டிருந்தார் முத்துக் கங்காணி. நல்ல மனிதர், காது மட்டும் கொஞ்சம் மந்தம். மந்தக் காதுக்காரர்கள் எல்லோரையும் போல அவருக்கும் ஊரே செவிடு என்று நினைப்பு. எதையும் கத்தித்தான் பேசுவார்.

அவர் பக்கத்தில் போய் நின்றாள் யோகா. உண்மைப் பெயர் அதில்லை. மாற்றிவிட்டேன். எழுதுவதற்கு அவளிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன். வயது இருபத்திரண்டு. ஆவணியில் பரிசம் போட்டு, தையில் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை சிவா, எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மா அக்கா, அதே மலையில், அன்றைக்கு அதே கூட்டத்தில், யோகாவுக்கு ஐந்து நெரை தள்ளி நிற்கிறார்.

யோகா கங்காணியிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னாது?"

மறுபடியும் முணுமுணுத்தாள்.

"ரோட்டு நெரையா? ஏ புள்ள, அது புள்ளத்தாச்சி நெரையில்ல! ஒனக்கு எதுக்கு?"

நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேர் கையும் நின்றது. கொழுந்து ஒடிக்கும் சத்தம் நின்றுபோனால் மலை எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யோகா தலையைத் தூக்கவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றாள். மறுக்கவும் இல்லை. நான் செல்லம்மா அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். "செல்லம்மா பேச்சு, நிறுக்கையில வெட்டுற கழிவு போக மிச்சம் வர்ற கொழுந்து மாதிரி, ரொம்பக் கொஞ்சம்" என்பது ராக்கம்மா அக்காவின் வாக்கு.

பிறகு நான் பார்த்தது ராக்கம்மா அக்காவை. நான் மட்டுமா? எல்லோரும்தான். சாயங்காலத்துக்குள் இந்தச் சேதி எத்தனை லயம் தாண்டும் என்று என் மனம் கணக்குப் போட்டது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, கோயில், கடை... தை மாதக் கல்யாணம் அந்தப் பனியோடு பனியாகக் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது.

ராக்கம்மா அக்கா வாயைத் திறந்தார்.

"கங்காணியாரே! எனக்கும் ரோட்டு நெரைதான் வேணும்."

"ஒனக்கு என்னா கேடு?"

"முட்டி கழண்டு கையில வந்துருச்சு. ஏற முடியல."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி, யோகா பக்கத்தில் போய் நின்றார். முட்டி கழண்டவர் இறங்குகிற இறக்கமா அது? ஆடு இறங்கின மாதிரி இருந்தது!

நாலு நெரைக்கு அப்பால் நின்ற காமாட்சி திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கும் இடுப்பு சரியில்லங்க" என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கினாள். அடுத்தவளுக்குக் குதிகால். அதற்கு அடுத்தவளுக்கு நேற்று வழுக்கி விழுந்த நரம்பு. எனக்கு... சொன்னால் வெட்கம். அவசரத்தில் எனக்கு ஒரு வியாதியும் வாயில் வரவில்லை. "எனக்குப் பல்வலிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பல்வலிக்கும் ரோட்டு நெரைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் காமாட்சி கேட்கிறாள்.

எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதினோரு பேர்! ஒரு செடிக்கு மூன்று பேர் கை நீட்டுகிறோம்.

கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாங்கடி இது? அத்தனை பேரும் முழுகாம இருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றார் ராக்கம்மா அக்கா. "எம் புருசன் போயி ஆறு வருசமாச்சு. மேல இருந்து அனுப்பி வச்சிருக்காரு!"

மலை முழுக்கச் சிரிப்பு. கங்காணியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் யோகா கேட்டதும், கங்காணி கத்தியதும், நாற்பது தலை திரும்பியதும் எல்லாம் மூழ்கிப்போயின. அதாவது, மூழ்கின மாதிரி இருந்தது. மேலே தன் நெரையில் தனியாக நின்ற செல்லம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பறித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குப் பதினோரு பேருக்கும் கொழுந்து குறைவு. ஒருத்தியாவது முணுமுணுத்தாள் என்று யாராவது சொல்லட்டும், இந்தப் பத்தியை இத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

தேத்தண்ணி நேரத்தில் யோகாவை மடுவத்துக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"சொல்லு. எத்தனை நாள்?"

"நாள் தள்ளி இன்னையோட பன்னெண்டு நாள் அக்கா."

"சிவாதானா?"

"வேற யாரு அக்கா?" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

"எப்ப? எங்க?"

"தீபாவளிக்குத் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனோம்ல. திரும்பி வரும்போது... ரயில்ல."

"ரயில்லயா!" எனக்கே தூக்கிப் போட்டது. தீபாவளிக் கூட்டத்து ரயிலில் மூச்சு விடவே இடம் கிடையாது. "செல்லம்மா அக்காவும் கூட வந்துச்சே?"

"அத்தைக்கு சீட் கெடைச்சிருச்சு. நாங்க கதவுகிட்ட நின்னோம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள ரயில் போச்சுல்ல..."

"ம்."

"அப்ப... கட்டிப் பிடிச்சு... முத்தம் குடுத்துட்டாரு. குளிருதுன்னு அவரு சுவெட்டரையும் எனக்குப் போட்டுவிட்டாரு. நானும் கழட்டிக் குடுக்காம வீடு வரைக்கும் போட்டுட்டு வந்துட்டேன் அக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் சுரங்கம் முடிஞ்சிருச்சு."

வாசகர்களே, அந்தச் சுரங்கத்தில் நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். இளவட்டங்கள் ஊளையிட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். ஹட்டன் பக்கம் கன்னியாக ஏறி, கொட்டகலைப் பக்கம் கர்ப்பிணியாக இறங்கியிருக்கிறாள் என் தங்கை!

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து... பதினைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"அடி மண்டு, முத்தத்துல எல்லாம் புள்ள உண்டாகாதுடி."

"அப்ப ஏன் அக்கா நாள் தள்ளிப் போச்சு? காலையில ஏன் வாந்தி வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான். பேப்பர் வாசிக்கிறவள். இருந்தும் தெரியவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் பிள்ளை எப்படி வருகிறது என்று முழுதாகத் தெரியும் என்று யார் சொன்னது?

யாரிடம் படிப்பது, சொல்லுங்கள்? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தால், வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். வீட்டிலோ ஒரே காம்பரா. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நாம் என்று ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட வாழ்கிறோம். மறைக்க இடமே இல்லாத வீட்டில், பேசாமல் மறைத்த ஒரே சங்கதி இதுதான். மிச்சம் இருப்பது சினிமா. அதில் இருவர் கட்டிப் பிடிப்பார்கள், இரண்டு பூ ஆடும், அடுத்த காட்சியில் அவள் வாந்தி எடுப்பாள். யோகா வேறு எதை நம்புவாள்?

"சரி, உனக்கு ரோட்டு நெரை எதுக்குடி? வாயை மூடிக்கிட்டு உன் நெரையில நின்னிருக்கலாம்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"இன்னைக்கு எனக்கு விழுந்தது கல்லு நெரை அக்கா. போன வாரமே ரெண்டு தரம் வழுக்கிட்டேன். விழுந்து... அதுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் கொடுத்து, கூட நாலு ரொட்டித் துண்டையும் கொடுத்து, "முதல்ல தின்னு" என்று மட்டும் சொன்னேன்.

நல்ல வேளையாக அன்றைக்குக் கிளினிக் நாள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் பிள்ளைக்காம்பராவில் மருத்துவிச்சி வந்து உட்காருவார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவம்தான் பிள்ளைக்காம்பரா. எங்களுக்கு அவர் 'மிஸ்ஸி'. யாழ்ப்பாணத்துக்காரர். வந்த புதிதில் அவர் பேசியது எங்களுக்குப் பாதி புரியாது, நாங்கள் பேசியது அவருக்குப் பாதி புரியாது. இரண்டு பாதியையும் சேர்த்து ஒருமாதிரிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஆனால் கல்யாணம் ஆகாதவள் தனியாக அந்த பெஞ்சில் போய் உட்கார முடியுமா? ரோட்டு நெரை கேட்டதை விடப் பெரிய தமுக்கு அது. வேலை முடிந்ததும் நான் யோசித்துக்கொண்டே நின்றேன். ராக்கம்மா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"என்னாத்தைப் பார்க்குற? முட்டி வலின்னு வாயால சொல்லியாச்சு. மருந்து வாங்காமப் போனா கங்காணி நம்புவாரா? நடங்க எல்லாரும்."

யோகாவை நடுவில் விட்டு, பதினோரு பேரும் போனோம்.

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னடியப்பா இது? ஊர்வலமோ? ஆருக்கு என்ன வருத்தம்?"

"முட்டி வலிங்க மிஸ்ஸி."

"பதினொரு பேருக்குமோ?"

"எனக்குப் பல்வலி" என்றேன். ஒரு பொய் சொன்னால் அதில் உறுதியாக நிற்க வேண்டும் அல்லவா?

மிஸ்ஸி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். யோகாவிடம் வந்ததும் பார்வை நின்றது. "நீர் உள்ளுக்கு வாரும் பிள்ளை. பல்லுக்காரி, நீரும் வாரும்" என்றார். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனோம். நடந்ததை நான்தான் சொன்னேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. யோகாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"உடுப்போடதானே நிண்டனீங்கள்?"

"ஆமாங்க மிஸ்ஸி. சுவெட்டரும் போட்டிருந்தேன்."

"அதுக்குப் பிறகோ முந்தியோ ரெண்டு பேரும் தனிச்சு எங்கயும் போகேல்லை?"

"சத்தியமா இல்லைங்க."

"அப்ப கேளும். ஆம்பிளையின்ரை விந்து பொம்பிளையின்ரை உறுப்புக்குள்ள போனால்தான் பிள்ளை தங்கும். முத்தத்தால தங்காது. கட்டிப் பிடிச்சால் தங்காது. உடுப்பைத் தாண்டி வராது. சுவெட்டர், துவாய், தண்ணி ஒண்டாலயும் வராது. உள்ளுக்குப் போகாமல் வாசல்ல பட்டாலும் எப்பவாவது ஒருக்கால் தங்கலாம், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அதுக்கும் உடுப்பில்லாமல் இருக்க வேணும். உமக்கு அதொண்டும் நடக்கேல்லை."

"அப்ப ஏன் மிஸ்ஸி நாள் தள்ளிச்சு?"

"தீபாவளிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததோ?"

"வந்துச்சுங்க. ஒரு வாரம் படுத்துட்டேன்."

"சாப்பிட்டனீரோ?"

யோகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காய்ச்சல், பட்டினி, உடம்பில ரத்தமும் காணாது. அதோட ராத்திரி பகல் யோசனை. நாள் தள்ளாமல் என்ன செய்யும்? வெறும் வயித்தில யோசிச்சால் சத்தியும் வரும்." அவர்கள் பேச்சில் சத்தி என்றால் வாந்தி. "நான் சொன்னால் நம்பமாட்டீர். இஞ்ச, இதில சலம் எடுத்துக்கொண்டு வாரும்."

சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். ஒரே ஒரு கோடு. ஒரு கோடு என்றால் பிள்ளை இல்லை. யோகா அந்தக் கோட்டையே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். பிறகு, "மிஸ்ஸி, நிச்சயமாத்தானே?" என்று கேட்டாள். மிஸ்ஸி சத்து மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து மூடினார். "நிச்சயம். இன்னும் ரெண்டு கிழமையில வராட்டில் திரும்பி வாரும். பயப்பிட இல்லை, பார்க்க."

தட்டிக்கு வெளியே ஒரே அமைதி. மிச்சம் ஒன்பது பேரும் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

"மிஸ்ஸி..." என்று ராக்கம்மா அக்காவின் குரல் மட்டும் உள்ளே வந்தது. "கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அப்ப இந்த..."

என்ன கேட்டார் என்பதை எழுத மாட்டேன். அவரை மட்டும் சொல்வானேன்? ஒருவர் கேட்டதும் அடுத்தவர், அவர் கேட்டதும் அடுத்தவர். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். இருபது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை எல்லாம் கேட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ்ஸி லாந்தரைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு முழங்கால் நோவே இல்லை, வாய்தான் இவ்வளவு நாளும் கட்டிக் கிடந்தது" என்றார் கடைசியில். அதையும் கொப்பியில் எழுதி வைத்தேன்.

ஆனால் செல்லம்மா அக்கா?

செவ்வாய்க்கிழமை காலை. யோகாவுக்குப் பிள்ளை இல்லை என்பது எங்கள் பதினோரு பேருக்குத் தெரியும். செல்லம்மா அக்காவுக்குத் தெரியாது. நாங்களாகப் போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால் சந்தேகம் வந்ததை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். ராக்கம்மா அக்காவிடம், "எதையாவது உளறி வச்சிடாதீங்க" என்றேன். "இது மட்டும் செமிச்சிருச்சு பாக்கியம்" என்றார். அவர் வாழ்க்கையில் செமித்த முதல் சேதி!

கங்காணி நெரை பிரிக்க வருவதற்கு முன்பே செல்லம்மா அக்கா மேலே இருந்து இறங்கி வந்தார். நேராக யோகா முன்னால் வந்து நின்றார். ராக்கம்மா அக்கா ஒரு அடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நீ தள்ளு ராக்கம்மா" என்றார் செல்லம்மா அக்கா. "நேத்து மகன்கிட்டக் கேட்டேன்."

ராக்கம்மா அக்கா நகரவில்லை.

"'ஏன்டா, கல்யாணத்துக்கு முன்னாடி தப்புத் தண்டாவுக்குப் போனியா'ன்னு கேட்டேன். அழுதுட்டான். 'தப்புப் பண்ணிட்டேம்மா, கல்யாணத்தை முன்னுக்கு வச்சிருங்க'ன்னு கால்ல விழுந்துட்டான். எனக்கு உசுரே போயிருச்சு. 'என்னடா பண்ணுன'ன்னு கேட்டேன். 'சுரங்கத்துல முத்தம் குடுத்துட்டேன்'ங்குறான். 'சரி, வேற?'ன்னு கேட்டேன்."

செல்லம்மா அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"'வேற என்னம்மா இருக்கு?'ன்னு கேக்குறான்! இருபத்தாறு வயசு!"

முதலில் சிரித்தது காமாட்சி. அதற்குப் பிறகு யார் சிரித்தது, யார் உட்கார்ந்தது, யார் கூடையைக் கவிழ்த்தது என்று சொல்ல முடியாது. ராக்கம்மா அக்கா தேயிலைச் செடி மேலேயே சாய்ந்துவிட்டார்.

"ஜோசியர் பத்துப் பொருத்தமும் இருக்குன்னு சொன்னப்ப நான் நம்பல" என்றார் செல்லம்மா அக்கா. "இப்ப நம்புறேன்."

யோகா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அத்தை" என்றாள்.

"எதுக்கு?"

"நேத்து எல்லார் முன்னாடியும்... உங்களுக்குத் தலைக்குனிவாப் போச்சு."

செல்லம்மா அக்கா அவளையே பார்த்தார். அப்புறம் பேசினார். அத்தனை நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"இந்தா பாரு. நான் மூத்தவனை வயித்துல வச்சிருந்தப்ப, ரோட்டு நெரை கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அஞ்சு மாசம் வரைக்கும் மலை ஏறுனேன். மாமியார் என்ன சொல்லுவாங்க, கங்காணி என்ன நெனைப்பாருன்னு. அவன் தங்கல. நீ கழுத்துல தாலி இல்லாம, நாப்பது பேரு முன்னால, மாமியார் நிக்கிறேன்னு தெரிஞ்சும் போய்க் கேட்டிருக்க. வயித்துல இல்லாத புள்ளைக்கே இந்தப் பாடு பட்டவ, நாளைக்கு வர்ற புள்ளையை விட்டுடுவியா? எனக்கு என்னா தலைக்குனிவு? இப்படி ஒருத்தியைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். செல்லம்மா அக்காவுக்குச் சிவாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் பக்கத்துப் பக்கத்து நெரையில் நின்று பறித்திருக்கிறோம்.

தையில் குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. ஒரு நாள் முன்னுக்கும் இல்லை, ஒரு நாள் பின்னுக்கும் இல்லை. எங்கள் கூட்டம் நாற்பது பேரும் போனோம்.

அந்த வாரத்தில் இருந்து எங்கள் மலையில் ஒன்று மாறியது. ரோட்டு நெரை கேட்டு யார் வந்தாலும் முத்துக் கங்காணி காரணம் கேட்பதில்லை. கர்ப்பிணிக்குத்தான் முதல் இடம். ஆனால் காய்ச்சலில் எழுந்தவள், மாத நாளில் இடுப்பு விட்டுப்போனவள், மனசு சரியில்லாதவள், எவளும் போய் நிற்கலாம். எழுதாத சட்டம் ஒன்றை எழுதாமலே திருத்தினோம். யூனியனும் வரவில்லை, துரையும் கையெழுத்து வைக்கவில்லை. மலையகத்துப் பெண்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது என்னிடம் கேட்டால், தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்கத் தெரியும் என்று சொல்வேன். அது லேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? கண்ணாடி போட்ட எத்தனை பெரிய மனிதர்கள் தெரியாமலே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்! இந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக நின்றேன் என்பதை, இந்தப் பத்தியில் என் பெயர் வருவதை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகவே, பிள்ளைகளே... சந்தேகம் வந்தால் ஸ்டேப்ளர் பின் இல்லாமலே எழுதுங்கள். பக்கத்தில் இருக்கிற அக்காமாரிடம் கேளுங்கள், மிஸ்ஸியிடம் கேளுங்கள். பதில் சொல்லுவோம், கூட நடந்து வருவோம்.

நடுவில் கொஞ்சம் சிரிப்போம். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்!